பிட்டுத்துணியின் பூர்வீகம்

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஆண்டு விழாவை ஒட்டி ஒரு வகுப்பறையைக் காலி செய்து, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே நீலத்தாள் விரித்துப் பிள்ளைகளின் கைவேலைகளைப் பரப்பியிருந்தார்கள். வாசலில் சார்ட் அட்டையில் ‘பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பிட்டுத்துணிக் கிளி, சுற்றிலும் சட்டைப் பட்டன் ஒட்டிய போட்டோ சட்டம், செய்தித்தாளைச் சுருட்டி ஒட்டிய பேனாக் கூடு, பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த பிள்ளையார். நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று போனவன் நான். கிளிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம், “இந்தத் துணி எங்க கெடச்சுது கண்ணு?” என்று கேட்டேன்.

“வேஸ்ட்டுங்க சார்.”

“வேஸ்ட்டுதான். எங்க இருந்துச்சு?”

“எங்கம்மா தைக்கிற எடத்துல மிசினுக்கு அடியில கெடக்குமுங்க. மூட்டைக்காரரு வர்றதுக்கு முந்தி எடுத்தாத்தானுங்க உண்டு. அப்பறம் எடை போட்டுருவாங்க.”

பக்கத்தில் நின்ற ஆசிரியை லேசாகச் சிரித்துக்கொண்டே, “வர்றவங்களுக்குச் செய்முறைய மட்டும் சொல்லு சாமி” என்றார். அவர் மேல் குறையில்லை. பரிசு கொடுக்க வருகிறவர்கள் செய்முறையைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன மூன்று வாக்கியங்களுக்குள் இருந்த அரசியல் பொருளாதாரம் சார்ட் அட்டையில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை, ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அட்டையில் ஏறியிருந்தது எது? ‘தேவையான பொருட்கள்: பழைய துணி, பட்டன் 2, பசை, கத்தரிக்கோல். செய்முறை: துணியைக் கிளி வடிவில் வெட்டவும். கண்ணுக்குப் பட்டன் வைத்துத் தைக்கவும்.’ இதை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம். (சமையல் குறிப்பையும் கைவேலைக் குறிப்பையும் பிரதி என்று சொன்னால் நம் இலக்கியவாதிகளுக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.) வியங்கோள் வினைகளால் மட்டுமே ஆன பிரதி இது. வெட்டவும், மடிக்கவும், ஒட்டவும், உலரவிடவும். எழுவாய் கிடையாது. வெட்டுகிற கை யாருடையதாகவும் இருக்கலாம் என்கிற பாவனையில் எல்லாக் கைகளையும் ஒன்றாக்கிவிடுகிற மொழி. பொருட்களுக்கும் அதே கதிதான். அவை ‘தேவை’ என்கிற தலைப்பின்கீழ் வரிசையில் நிற்கின்றன. எங்கிருந்து வந்தன என்று சொல்வதற்கு அந்த வடிவத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. ‘பழைய துணி’ என்கிறார்களே, அந்தப் பெயரடையைக் கவனியுங்கள். மிஷினுக்கு அடியில் விழுகிற பிட்டு பழைய துணியே அல்ல. ஒரு நாள்கூட யார் உடம்பிலும் ஏறாத புத்தம்புதுத் துணி அது. உடுத்திப் பழசானது போல அதற்கு ஒரு பொய் வயதை ஏற்றினால்தான் ‘பயனற்றது’ என்கிற வகைக்குள் அதை அடைக்க முடியும்.

இந்தச் சமவெளியில் துணித்துண்டு பயணப்படுகிற பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத்தாள் வைத்து, கட்டிங் மாஸ்டர் ஒரே ஓட்டமாக அறுக்கிறார். கை, கழுத்து, உடம்பு என்று எடுத்தது போக இடையில் மிஞ்சுகிற வளைசல் துண்டுகள் மூட்டையாகின்றன. மூட்டை பிரிபட்டு, நிறம் பார்த்து, பருத்தியா கலப்பா என்று விரலால் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கப்படுகிறது. பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. ஒரு பகுதி அரைபட்டு மறுபடியும் பஞ்சாகி நூலாகிறது. ஒரு பகுதி ‘பனியன் வேஸ்ட்’ என்கிற பெயரோடு நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கு வந்து கிரீஸ் துடைக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளுக்கு அடியில் விழுகிற கழிவு நூலுக்கும் வாங்க ஆள் உண்டு. தையல்கடைப் பிட்டு தலையணைக்குள் போகிறது, கால்மிதியாகிறது. காகிதத்துக்கும் இதே வம்சாவளிதான். மரக்கூழ் வருவதற்கு முன்னால் ஐரோப்பியக் காகிதம் பெரும்பாலும் கந்தல்துணியில்தான் பிறந்தது. பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறது. கந்தலைத் தரம் பிரிக்கும் வேலையைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எழுதியிருக்கிறார். ஜப்பானிலிருந்தும் எகிப்திலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்துக்கு வந்து குவிந்த கந்தலைப் பிரித்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். அம்மைநோயை ஊருக்குள் கொண்டுவந்தவர்களும் அவர்கள், அதற்கு முதல் பலியானவர்களும் அவர்கள்.

ஆக, ‘வேஸ்ட்’ என்பது சந்தைக்கு வெளியே கிடக்கிற பொருள் என்பது கட்டுக்கதை. சந்தையின் கடைசிப் படியில் நிற்கிற சரக்கு அது. மூட்டைக்காரர் எடை போடுவதற்கு முன்னால் ஒரு குழந்தை குனிந்து எடுத்தால்தான் அது கிளியாகும். அந்தச் சில நிமிட இடைவெளியில்தான் ‘படைப்பாற்றல்’ என்று நாம் சொல்கிற விஷயம் நடந்தாக வேண்டியிருக்கிறது. அந்த மிஷினில் அம்மா டஜன் கணக்கில் கூலிக்குத் தைக்கிறாள். அவள் தைப்பது உழைப்பு. மகள் தைப்பது கலை. ஒரே துணி, ஒரே நூல், ஏறக்குறைய ஒரே விரல்கள். இந்தப் பிரிவினையை இயல்பாக்குவதுதான் சார்ட் அட்டை செய்கிற சித்தாந்தப் பணி. இதே பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற கதை 2025இல் மறுபடியும் செய்தியானது. எது மிச்சம், எது விற்கத்தக்க துண்டு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்கிற கேள்வி இங்கே துணியோடு நின்றுவிடுவதில்லை.

இந்த இடத்தில் ‘நம் பாட்டிமார்களின் சிக்கனம்’ என்கிற பல்லவி ஒன்று கேட்கும். சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் இப்போது அதை நிறையவே பாடுகிறார்கள். நானும் ஒரு அம்மாயி வளர்த்த பிள்ளைதான். அவரிடம் சேலை சாவதற்கு வெகுகாலம் பிடிக்கும். நடுவில் நைந்தால் நீளவாக்கில் கிழித்து, ஓரம் இரண்டையும் நடுவில் சேர்த்து மூட்டிக் கட்டுவார். பிறகு அது பேரப்பிள்ளைக்குத் தொட்டில். பிறகு நாலைந்து பழஞ்சேலைகளோடு அடுக்கப்பட்டுத் துப்பட்டி. அதைத் தைக்கிற ஓட்டுத்தையல் கோணலாகத்தான் போகும், ஆனால் கையால் இழுத்தால் பிரியாது. துப்பட்டி தேய்ந்தால் சும்மாடு, சும்மாட்டுக்குப் பின் கரித்துணி, கடைசியில் திரி. மாதவிலக்குக்கு எடுத்துவைக்கிற துண்டு இந்தக் கணக்கில் பேசப்படாது. வீட்டுக்குப் பின்னால் செடி மறைவில் காயும். (பழந்துணியைப் பற்றிப் பேசினால் இதையும் பேசியாக வேண்டும் என்பதை 1999இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு புரிந்துகொண்டு, திரட்டிய பழந்துணியிலிருந்து மாதவிலக்குத் துணி தைக்கத் தொடங்கியது.) பழைய காகிதம்கூட வீணாகாது. ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டி முறத்துக்குப் பூசுவார். “கெடக்கறதக் கூட்டி மூட்டறது” என்பார் அம்மாயி, இதற்கெல்லாம் சேர்த்து.

சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சேலையின் பயணத்தில் நான் சொல்லாமல் தாண்டிய ஒரு கிளைவழி உண்டு. எங்கள் பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர் குடும்பத்துக்கு நோம்பி நொடிக்குப் போனது பழைய வேட்டியும் பழைய சேலையும். கட்டுத்தறிக்கு அந்தப் பக்கமாக நின்று வாங்கிக்கொள்வார்கள். அம்மாயி அதை எடுத்துக் கொடுக்கும்போது முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அந்த நிறைவு கூலிக்கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பது எனக்கு உறைக்க முப்பது வயது ஆனது. எந்தத் துணி துப்பட்டியாகும், எந்தத் துணி ‘அவங்களுக்கு’ என்று தீர்மானித்தது சிக்கனமா, சாதியா? இரண்டையும் பிரிக்கவே முடியாதபடி மூட்டப்பட்டிருந்தது அந்த வீடு.

கொடுக்கப்படுகிற துணியின் அரசியல் பழசு. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருந்தது பேன் பிடித்து, வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த கந்தல். கரிகாலன் அதைக் களையச் செய்து பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணி உடுத்துகிறான். கொடைச்சிறப்பு என்று தமிழாசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கந்தலைத் தைத்த வேற்று நூல் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையானது. சண்டாளருக்கு உடை பிணத்தின் துணி என்று அது விதிக்கிறது. அதற்கும் முந்திய பௌத்த மரபோ சுடுகாட்டிலும் குப்பையிலும் பொறுக்கிய துணியைத் துண்டு துண்டாகத் தைத்துச் சீவரமாக்கியது. மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்ததைப் பார்த்து, அதே வடிவில் சீவரத்தைத் தைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக விநயம் கூறுகிறது. ஒட்டுத்தையல் மறைக்கப்படவில்லை, அதுவே சங்கத்தின் அடையாளமாயிற்று. இழிவாகத் திணிக்கப்படுகிற துணி, விரும்பி ஏற்கப்படுகிற துணி. இரண்டும் ஒரே குப்பைமேட்டிலிருந்து எடுக்கப்பட்டவைதான். ஆனால் ஏற்கிறவருக்கு மறுக்கிற உரிமை இருந்ததா என்பதில்தான் முழு அர்த்தமும் தொங்குகிறது.

இதே கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் நம் சமவெளிக்குக் கொண்டுவந்தால் விஷயம் இன்னும் காரமாகிறது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரும் கைத்தொழிலும் அங்கே ஒரு வாழ்க்கைநெறியாக முன்வைக்கப்பட்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில், காங்கிரசில் இருந்த காலத்தில் கதர்மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர் பெரியார். அதே இருவரும் 1953இல் எதிரெதிராக நின்றது கைத்தொழிலைப் பற்றித்தான். கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாதிநேரம் படிப்பு, மீதிநேரம் பெற்றோர் தொழில் என்று முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார் பெரியார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று.

குலக்கல்வித் திட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லாரும் சாதியைக் காப்பாற்றத்தான் ஆதரித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையால் செய்து கற்பது நல்ல கல்வி என்று மனசார நம்பியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பார்க்கத் தவறியது ஒன்று. சுதந்திரமாகத் தேர்ந்துகொண்ட கைக்கு ஊசி ஒரு விளையாட்டு. அம்மாவும் அம்மாவின் அம்மாவும் கூலிக்குப் பிடித்த ஊசியை மறுபடி அதே கையில் கொடுத்து ‘செய்து பார், எவ்வளவு ஆனந்தம்’ என்றால் அது வேறு. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே பையில்லாப் பத்து நாட்களைத் தச்சரிடமும் குயவரிடமும் கழிக்கச் சொன்னபோது தமிழ்நாட்டில் உடனே குலக்கல்வி என்கிற சொல் எழுந்துவந்தது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் தையற்காரரும் உண்டு, பொம்மை செய்கிறவரும் உண்டு. பதினெட்டு வயதிலேயே சேரலாம் என்பதையும் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதையும் எதிர்த்துத் தமிழக அரசு 2024இல் அதை ஏற்க மறுத்தது. மறுப்பு சரிதான். ஆனால் மறுக்கிற நாம், கிளி செய்கிற பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? கைவேலையே கூடாது என்பதா?

நம்முடைய பதிலின் லட்சணம் தெரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்களைப் பாருங்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. பின்னால் தொகை உயர்ந்தது, நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததும் வருஷா வருஷம் தொடர்ந்தது. முழுநாளை வெட்டி எடுத்தது போக மிஞ்சிய பிட்டாகத்தான் அவர்களுடைய உழைப்பும் வாங்கப்பட்டது. துண்டிலிருந்து முழுமை செய்யக் கற்றுக்கொடுப்பவரைத் துண்டாகவே வைத்திருப்பது நம் கல்வித்துறையின் நகைச்சுவை.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். “ஏனுங்க, ஒரு கொழந்த கிளி செஞ்சா அதுலயும் அதிகாரத்தத் தேடோணுமா?” நியாயமான கேள்வி. எனக்கும் பட்டன் பிடிக்கும். இரண்டு ஓட்டையில் நூலைக் கோத்து, முறுக்கி, இழுத்துவிட்டால் ர்ர்ர் என்று ஓடுமே, அந்தச் சத்தம் இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கிறது. சோடா மூடியை லாரிச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து நசுக்கி அதிலும் ஓட்டை போட்டு ஓட்டுவோம். டிரைவர் அண்ணன்கள் வைதுகொண்டே ஏற்றுவார்கள். லாரிப்பட்டறைத் தெருப் பிள்ளைகளுக்கு அது தனிக்கலை. இன்பத்தை மறுக்கிற விமர்சனம் எனக்கு உடன்பாடானதல்ல. மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞர்களைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் சொல்லி, துணியாலும் நெட்டியாலும் பல பொருள் செய்கிறவர்களையும் சொல்கிறது. துணிக்கு அங்கே வருகிற சொல் கிழி. கிழிந்ததுதான் கிழி. புலவனுக்குக் கொடுத்த பொற்கிழியும் கிழிதான். தமிழில் துண்டு ஒன்றும் கேவலமான சொல்லாக இருந்ததில்லை. தோளில் போட்டால் மரியாதை, இடுப்பில் கட்டவைத்தால் அடிமைத்தனம்.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவனைப் பற்றி எழுதியதை நம் அமைப்பியல்வாதிகள் நிறையவே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் அவர்கள் விட்டுவிட்ட ஒரு விஷயம்தான் நமக்கு வேண்டியது. ஒப்பேற்றுகிறவனிடம் இருக்கிற துண்டுகள் வெறும் கச்சாப்பொருள் அல்ல. ஏற்கெனவே வேறொன்றாக இருந்தவை, அந்தப் பழைய வேலையின் தடம் அவற்றில் இன்னும் இருக்கிறது, அது புதிய வேலையைக் கட்டுப்படுத்தும். 1919இல் ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் துணியையும் பட்டனையும் பலகையில் ஒட்டி ‘மெர்ஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரே ஒரு துண்டு. ஒரு வங்கி விளம்பரத்தில் இருந்த வர்த்தகம் என்று பொருள்படும் சொல்லைக் கத்தரித்தபோது மிஞ்சிய வால் அது. துண்டின் முன்ஜென்மத்தை ஒட்டுப்போட்ட இடத்திலேயே தெரியவிடுவதா, மறைப்பதா என்பதில்தான் சார்ட் அட்டைக்கும் இவர்களுக்கும் வித்தியாசம்.

தெரியவிட்டவர்களில் என்னை அதிகம் உலுக்கியது சிலி நாட்டுப் பெண்கள்தான். 1973 செப்டம்பர் 11இல் பினோசெட் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடி அலைந்த தாய்மார்களும் மனைவிமார்களும் 1974 வாக்கில் சாந்தியாகோவில் திருச்சபை அமைப்புகளின் நிழலில் கூடி, சாக்குத்துணி மேல் துண்டுத்துணிகளை வைத்துச் சித்திரங்கள் தைத்தார்கள். அர்பியேரா என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தைகள் கைவேலைபோல இருக்கும். பளிச்சென்ற மலை, சூரியன், வீடு, பொம்மை போன்ற மனிதர்கள். கிட்டே போனால் சமையல் அடுப்பு பொதுவில் எரிகிறது, போலீஸ் வண்டி நிற்கிறது, ‘அவர்கள் எங்கே?’ என்கிற பதாகையைப் பெண்கள் பிடித்திருக்கிறார்கள். சிலர் காணாமல்போனவரின் சட்டையிலிருந்தே துண்டு எடுத்துத் தைத்தார்கள். சில சித்திரங்களின் பின்பக்கம் சிறு பை வைத்து அதில் சீட்டு எழுதிப் போட்டார்கள். வெளிநாட்டுக்கு அவை விற்கப்பட்டன, அடுப்பும் எரிந்தது, செய்தியும் போய்ச் சேர்ந்தது. ‘வெறும் பொம்பளை வேலை’ என்கிற ஏளனம்தான் ஆரம்பத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. நம் எழுச்சிக் கவிஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் கதை இவ்வளவு நேராக இல்லை. அடிமைகளின் வம்சத்தில் வந்த கறுப்பினப் பெண்கள் வேலைக்காட்டு உடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் அவை. முழங்கால் இருந்த இடத்தில் நிறம் வெளிறியது அப்படியே தெரியும். கணவர் இறந்த பிறகு அவருடைய வேலையுடுப்பைக் கொண்டே போர்வை தைத்துப் போர்த்திக்கொண்டவரும் அந்த ஊரில் உண்டு. 2002இல் அவை பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின, நவீன ஓவியம் என்று கொண்டாடப்பட்டன, 2006இல் தபால்தலையாயின. 2007இல் தைத்த பெண்கள் சிலரே தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் சமரசத்தில் முடிந்தது. சுவரில் ஏறிய துணிக்கும் எடைபோடுகிற மூட்டைக்காரர் ஒருவர் வந்துவிடுகிறார்.

நம் பக்கத்தில் சுனாமிகா. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடம் மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, மிச்சத்துணியில் செய்யவைத்த சின்னஞ்சிறு பொம்மை. விலை கிடையாது, பரிசாகத்தான் கொடுப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றுக்கும் விலை ஒட்டுகிற காலத்தில் அது ஒரு துணிச்சல். அதிர்ச்சியில் உறைந்திருந்த கைகளுக்கு வேலை கொடுத்தது, கூலியும் கொடுத்தது. ஆனால் அந்தப் பொம்மை சிரிக்கிறது, அதுதான் என் சங்கடம். கடற்கரை யாருக்கு என்கிற சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் உலகமெங்கும் போன அந்தப் பொம்மையின் முதுகில் ஒரு சிறு பை இருந்து, அதில் ஒரு சீட்டும் இருந்திருந்தால்? இது தூரத்திலிருந்து சொல்கிறவனின் பேராசையாகவும் இருக்கலாம். துக்கத்தில் இருப்பவர் சிரிக்கிற பொம்மை செய்வது அவர் உரிமை.

இதையெல்லாம் வெறும் வாசிப்பாக நிறுத்தாமல் செய்துபார்க்கவும் செய்தோம். நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கூடுகிற ஒரு படிப்பகம் உண்டு. விசைத்தறி, கோழிப்பண்ணை, லாரிப்பட்டறை வீட்டுப் பிள்ளைகள். ஒரு பெரிய சாக்கை விரித்து, அதில் நம்ம ஊரைத் தைப்போம் என்றோம். விதி ஒன்றே ஒன்று. எந்தத் துண்டு கொண்டுவந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று சின்னச் சீட்டில் எழுதித் துண்டுக்கு அடியில் வைத்துத் தைக்க வேண்டும். சிலிக்காரர்களிடம் கடன் வாங்கிய யோசனைதான். முதல் இரண்டு வாரம் அமர்க்களமாகப் போனது. லுங்கித் துண்டு வந்தது, ‘அப்பா நைட் ஷிப்டு ஓட்டுன தறி’ என்று சீட்டு. கிரீஸ் படிந்த பனியன் வேஸ்ட் வந்தது. தார்ப்பாய்த் துண்டு ஊசியில் இறங்காமல் செருப்புத் தைக்கிற ஊசி கடன் வாங்கினோம். மஞ்சள் துணியில் முட்டை வெட்டினார்கள். காஜா எடுக்கிற அண்ணனிடமிருந்து பட்டன் வந்தது; மலைக்கோட்டைக்கு ஜன்னலாயிற்று. எங்களுக்கு உள்ளுக்குள் பெருமை. சார்ட் அட்டையைத் தோற்கடித்துவிட்டோம் என்று.

மூன்றாவது வாரம் ஒரு பையன் நல்ல பூப்போட்ட துணித்துண்டு ஒன்று கொண்டுவந்தான். சீட்டு எழுதமாட்டேன் என்றான். ஏன்டா என்று கேட்டதற்குப் பதிலில்லை. கூட இருந்த ஒருத்தி, “அது அவங்கம்மாவுக்குத் தோட்டத்துக்காரங்க குடுத்த பழைய சேலைங்க” என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பூர்வீகம் சொல்லு, பூர்வீகம் சொல்லு என்று நாங்கள் வைத்த விதி, நான் பிறந்த கட்டுத்தறிக்கு அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் அவனை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்து அட்டை அவனிடம் ஒன்றும் கேட்டிருக்காது. அந்தக் கேளாமையில் ஒரு நாகரிகம்கூட இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. விளிம்பைப் பேசவைக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள், பேசாமலிருக்கிற உரிமையை எந்த அட்டவணையில் வைத்திருக்கிறோம்?

நாங்கள் அன்று மாலை உட்கார்ந்து நிறையப் பேசினோம். விதியை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எடுத்தால் பழைய கிளிதான் திரும்ப வரும் என்றார் இன்னொருவர். எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம், ஆனால் வெற்றுச் சீட்டையாவது வைத்துத் தைக்கலாம் என்று ஒரு பெண் தோழர் சொன்னார். அதை அடுத்த வாரம் பிள்ளைகளிடம் சொன்னோம். அந்தப் பையன் வெற்றுச்சீட்டையும் வாங்கவில்லை. துணியை முக்கோணமாக மடித்து, கரட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு மாதிரி வைத்து, சுற்றிலும் நெருக்க நெருக்கமாகத் தைத்தான். கதவுக்கு ஒரு கறுப்புப் பட்டன் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பட்டன் என் பழைய சட்டையிலிருந்து பிய்த்தது. அவன் என்னைப் பார்த்து, “இதுக்குச் சீட்டு நீங்க எழுதுங்க” என்றான்.